முதலில் குளிர்ந்த தண்ணீர்

இரத்தக்கறைக்கு முதலில் குளிர்ந்த தண்ணீர்.
சுடுதண்ணீர் பட்டால்
கறை துணியைக் கல்யாணம் கட்டிவிடும்.
ஓல்டன் ஆஸ்பத்திரியின் நிலக்கீழ்ச் சலவை அறையில்
பதினோரு வருஷமாய் இதுதான் என் படிப்பு.

நான்காம் மாடிக்கு நான் லிப்டில் ஏறியது
அன்றுதான் முதல்தரம்.
வேலைச்சட்டை இல்லாமல்,
படிய வாரிய தலையோடு, விருந்தாளி மாதிரி.

சுலோஜினி என் கையைப் பிடிக்கவில்லை.
கட்டில் இரும்பைப் பிடித்தாள்.
"கதையாதேங்கோ" என்றாள்.
நான் கதைக்கவே இல்லை.
பதினாறு மணித்தியாலம்.
மருத்துவிச்சி பிரிகிட்டே தந்த கோப்பியை
ஆறட்டும் என்று யன்னல் விளிம்பில் வைத்தேன்,
அங்கேயே மறந்தேன்.
வெளியே நவம்பர்ப் புகார்.
ஆரே ஆறு இன்னும் ஓடுகிறதா என்று
பாலத்தைத்தான் கேட்க வேண்டும்.

பிறகு எல்லோரும் ஒரேயடியாக அசைந்தார்கள்.
தலை தெரிகிறது, பார் என்றார்கள்.
பார்த்தேன் என்றுதான் இன்றுவரை
எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.
நான் பார்த்தது விரிப்பை.
அவளுக்குக் கீழே அது
வெள்ளையிலிருந்து ரோசாவுக்கு,
ரோசாவிலிருந்து
எனக்குப் பழக்கமான அந்த நிறத்துக்கு
மாறிக்கொண்டிருந்தது.
கண் தன்பாட்டில் கணக்குப் போட்டது:
எத்தனை லீட்டர், எத்தனை பாகை, எந்த டிரம்.
நாளுக்கு நூறு விரிப்புக் காண்கிறவன்
ஒன்றிலும் ஆளைக் கண்டதில்லை.

அப்போது ஒரு சத்தம்.
அழுகை இல்லை அது.
பூட்டிக் கிடந்த கதவொன்றை
யாரோ களவாய்த் திறந்து பார்த்தது போல.

கத்தரிக்கோலைத் தந்தார்கள்.
கொடி நான் நினைத்ததைவிடக் கெட்டி,
நனைந்த றப்பர்க் குழாய்.
இரண்டு தரம் வெட்ட வேண்டியிருந்தது.
விரிப்பை நீலப் பைக்குள் திணித்தார்கள்.
"மெல்ல" என்றேன்,
தமிழில்.

திங்கள் பெஸ்னிக் செய்தி அனுப்பினான்:
பைச் சீட்டில் நேரம் பார்த்தேன்.
உன்னுடையதைத் தனியாய்ப் போட்டேன்.
குளிர்ந்த தண்ணீர், இரண்டு தரம்.

வீட்டுக்கு வந்த முதல் இரவு
காட்டுப்பீ.
தார் மாதிரி, பச்சையும் கறுப்புமாய்,
உள்ளங்கையளவு சட்டை முழுக்க.
பத்து மணிக்குப் பிறகு கீழே மெஷின் போடக்கூடாது,
வியாழன் வரை திறப்பு
ஹுன்சிக்கர் அம்மையாரிடம்.
குளியலறைத் தொட்டியில் குனிந்து நின்று
குளிர்ந்த தண்ணீர், பிறகு சுடுதண்ணீர்,
உப்பு, சவர்க்காரம், எலுமிச்சை.
போகவில்லை.
பதினோரு வருஷத்தில்
என்னிடம் போகமாட்டேன் என்ற முதல் கறை.
சுலோஜினி கட்டிலில் இருந்து சிரித்தாள்,
தையல் நோக "அம்மா" என்றாள்,
திரும்பவும் சிரித்தாள்.

நான்காம் நாள் பிள்ளை மஞ்சள்.
பிரிகிட்டே சீலையில் போட்டு
மீன் நிறுப்பது போல் தூக்கி நிறுத்தாள்.
இருநூற்றைம்பது கிராம் குறைவு.
எங்கே போனது அந்த இருநூற்றைம்பது?
வெயிலில் பிடியுங்கள் என்றாள்.
அவளே யன்னலைப் பார்த்தாள்,
சரி, வெளிச்சத்தில், என்று திருத்தினாள்.
இரண்டு பின்னேரம் யன்னலடியில் நின்றேன்,
புகாருக்கு நேரே
ஒரு பிள்ளையை நீட்டியபடி.

பதிவு அலுவலகத்தில்
குடும்பப் பெயர் கேட்டார்கள்.
என் கடவுச்சீட்டில் வல்லிபுரம் என்று இருக்கிறது.
அது என் அப்பு.
நான் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது செத்துப்போனவர்.
ஆகவே இவள் இயலினி வல்லிபுரம்.
முறைப்படி முன்னால் நிற்க வேண்டிய கிருபாகரன்
'தகப்பன்' என்ற கட்டத்துக்குள் மட்டும்.
விளங்கப்படுத்த வாயெடுத்தேன்.
பின்னால் வரிசை. கையொப்பம் வைத்தேன்.
அப்பு, உங்களைக் கேட்காமல்
ஒரு மூன்று கிலோவை
உங்கள் பெயரில் எழுதிவிட்டேன்.

இரண்டு கிழமை லீவு முடிந்தது.
தோளில் காய்ந்த பாலோடு கீழே இறங்கினேன்.
முதல் பை நீலம்.
நான்காம் மாடி. சீட்டில் நேரம்: நாலு பன்னிரண்டு.
டிரம் கதவைத் திறந்தபடி நின்றேன்.
"என்ன, மெஷின் பழுதா?" என்றான் பெஸ்னிக்.
இல்லை, என்றேன்.
ஆணோ பெண்ணோ,
இதில் எழுதவில்லை.